எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்கு எட்டு வாரம்: எதை முதலில் எடுப்பது, எதைக் குறைப்பது

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவராகத் தேற வேண்டிய தேர்வு எஃப்.எம்.ஜி.இ. ரஷ்யாவில் மருத்துவம் முடித்து ஊர் திரும்பிய ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “முதல் முறை எஃப்.எம்.ஜி.இ. எழுதினேன், 300-க்கு 138. அடுத்த தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கிறது. பத்தொன்பது பாடத்தையும் முதலிலிருந்து வீடியோவில் பார்த்துவிட முடியுமா? நாளை எப்படிப் பிரிப்பது?”

முடியாது தம்பி, அதற்குத் தேவையும் இல்லை. பத்தொன்பது பாடத்துக்கான வீடியோக்கள் பல நூறு மணி நேரம் ஓடும். எட்டு வாரமும் அதற்கே போய்விடும். கடைசியில் கேள்வி போட்டுப் பழகாமலே தேர்வு அறைக்குள் போய் உட்காருவீர்கள். 138 எடுத்தவருக்குப் பாடம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. படித்ததில் பாதி கலங்கிப் போயிருக்கிறது, கேட்கும்போது கைக்கு வரவில்லை. அதைச் சரிசெய்ய எட்டு வாரம் போதும், திட்டம் ஒழுங்காக இருந்தால்.

தேர்வின் உருவத்தை ஒருமுறை கண்முன் வைத்துக்கொள்வோம். 2002-இல் தொடங்கிய தேர்வு இது. பெரியவர்கள் இன்னும், பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் பெயரில், ‘எம்.சி.ஐ. ஸ்க்ரீனிங்’ என்றே சொல்வார்கள். 300 கேள்வி. காலையில் 150, மதியம் 150, ஒவ்வொன்றுக்கும் 150 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 எடுத்தால் தேர்ச்சி, ரேங்க் கிடையாது, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் கிடையாது. இருந்தும் பெரும்பாலான முறை எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறுகிறார்கள். இந்தத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். உழைக்காமல் தோற்றவர்களை விட, உழைப்பை மதிப்பெண் இல்லாத இடத்தில் கொட்டித் தோற்றவர்கள்தான் அதிகம் என்பது நான் பார்த்து உணர்ந்தது.

அதனால் திட்டத்தைப் பாடப் புத்தகத்தின் வரிசையில் போடாதீர்கள், மதிப்பெண் வரிசையில் போடுங்கள். பாடவாரியான பங்கீடு வெளிப்படையாகவே இருக்கிறது. மெடிசின் 33, சர்ஜரி 32, ஓ.பி.ஜி. என்கிற மகப்பேறு, மகளிர் மருத்துவம் 30, பி.எஸ்.எம். என்கிற சமூக மருத்துவம் 30. குழந்தை மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை மூன்றும் தலா 15. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி தலா 17. பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி தலா 13. ஃபாரன்சிக் என்கிற சட்ட மருத்துவம் 10. மனநலம், தோல், ரேடியோதெரபி, அனஸ்தீசியா, ஆர்த்தோ, ரேடியாலஜி ஆறும் தலா 5. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அனாட்டமியில் ஒரு வாரம் கழித்துவிட்டு பி.எஸ்.எம்.முக்கு ஒன்றரை நாள் ஒதுக்கும் தப்பு அந்தத் தாளைப் பார்த்தாலே குறையும்.

முதல் நாள் எதையும் படிக்க வேண்டாம். 300 கேள்வி கொண்ட முழு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) ஒன்றைக் காலை 9 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் உட்கார்ந்து எழுதுங்கள். உண்மையான தேர்வின் நேரமும் அதுதான். மொத்தம் என்ன வந்தது என்று கவலைப்படாமல், பாடவாரியாக எவ்வளவு என்று பிரித்துச் சுவரில் ஒட்டிய தாளில் அந்தந்தப் பாடத்துக்கு நேரே குறியுங்கள். பி.எஸ்.எம். 30-க்கு 11 என்றால் இடைவெளி 19. தோல் 5-க்கு 3 என்றால் இடைவெளி 2. எந்த இடைவெளி பெரியது, அதில் எது சீக்கிரம் அடைபடக்கூடியது என்ற இரண்டையும் பார்த்துத்தான் நாட்களைப் பிரிக்க வேண்டும்.

எட்டு வாரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி வாரம் மூன்றாம் சுற்று. அதற்கு முந்தைய இரண்டு வாரம் இரண்டாம் சுற்று. மிச்சமுள்ள ஐந்து வாரம்தான் முதல் சுற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமையைத் தனியாக எடுத்துவிட்டால் கையில் இருப்பது 30 நாள். முப்பதே நாளா என்று பயம் வரும். இரண்டாம் சுற்றுக்கு நேரம் ஒதுக்காமல் முதல் சுற்றை ஏழு வாரம் இழுத்தவர்களுக்கு, முதல் வாரம் படித்தது தேர்வு நாளில் நினைவிலேயே இருக்காது. அதனால் முதல் சுற்று அரைகுறையாக இருந்தாலும் 30 நாளோடு நிறுத்தியே ஆக வேண்டும்.

முதல் எட்டு நாள் பி.எஸ்.எம். மூன்று நாள், ஓ.பி.ஜி. மூன்று நாள், குழந்தை மருத்துவம் இரண்டு நாள். மூன்றும் சேர்ந்து 75 மதிப்பெண். இந்த மூன்றையும் ஏன் அடுத்தடுத்து வைக்கிறேன் என்றால், இவை ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடப்பவை. கருத்தடை முறைகள் பி.எஸ்.எம்.மிலும் வரும், ஓ.பி.ஜி.யிலும் வரும். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை. இதை ஒரே வாரத்தில் இரண்டு பாடத்திலும் பார்த்தால் மறக்காது. தடுப்பூசி அட்டவணை பி.எஸ்.எம்.மிலும் குழந்தை மருத்துவத்திலும் வரும். ரத்தசோகைத் தடுப்பு மூன்றிலும் வரும்.

பி.எஸ்.எம். பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களைப் போல வெளிநாட்டில் படித்தவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மெடிசினும் சர்ஜரியும் ரஷ்யாவிலும் ஒன்றுதான், இங்கும் ஒன்றுதான். இந்தியாவின் தேசிய சுகாதாரத் திட்டங்களை அங்கே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு. ஆரம்ப சுகாதார நிலையம் 30,000, 20,000. சமுதாய சுகாதார நிலையம் 1,20,000, 80,000. இங்கே படிக்கும் மாணவருக்கு இது மூன்றாம் நான்காம் ஆண்டில் காதில் விழுந்து பழகிய எண். உங்களுக்கு முழுக்கப் புதியது. ஆனால் இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: புரிந்துகொள்ள ஒன்றுமில்லை, மனப்பாடம் செய்து திரும்பச் சொன்னால் மதிப்பெண். எட்டு வாரத்தில் இடைவெளியை அடைக்க இதைவிட விரைவான பாடம் கிடையாது.

தடுப்பூசி அட்டவணையை வெறுமனே படிக்காமல் வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில் பென்டாவேலன்ட், சொட்டு, ரோட்டா வைரஸ். நிமோகாக்கல் ஆறாவது, பதினான்காவது வாரமும், ஒன்பதாவது மாதமும். போலியோ ஊசியின் மூன்றாவது தவணையும் இப்போது ஒன்பதாவது மாதத்தில் வந்துவிட்டது. பழைய நோட்ஸில் இரண்டுதான் இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். தட்டம்மை ரூபெல்லா ஒன்பதாவது மாதம் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. தினமும் காலையில் இதை ஐந்து நிமிடத்தில் எழுதினால் ஒரு வாரத்தில் கை தானாக எழுதும்.

கணக்குக் கேள்விகளைப் பார்த்தால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தாண்ட வேண்டாம். ஒரு கேள்வியை மட்டும் முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய் இருக்கிறது. ஒரு பரிசோதனையின் சென்சிட்டிவிட்டி (நோயுள்ளவரைப் பாசிட்டிவ் என்று காட்டும் அளவு) 90 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவரை நெகட்டிவ் என்று காட்டும் அளவு) 90 சதவீதம். பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? நான்கு கட்டம் வரையுங்கள். நோயுள்ள நூறு பேரில் 90 பேருக்குப் பாசிட்டிவ். நோயில்லாத 900 பேரில் பத்து சதவீதம், அதாவது இன்னொரு 90 பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ். மொத்தப் பாசிட்டிவ் 180, அதில் நிஜம் 90. விடை 50 சதவீதம். இப்போது அதே பரிசோதனையை ஆயிரத்தில் பத்து பேருக்கு மட்டும் நோயுள்ள ஊரில் செய்தால்? நிஜம் 9, தவறு 99, விடை சுமார் 8 சதவீதம். நோய் அரிதாக ஆக, பாசிட்டிவ் முடிவின் மதிப்பு இறங்கும் என்பதைச் சூத்திரமாகப் படித்தால் மறக்கும், இப்படி ஒருமுறை கட்டம் போட்டவருக்கு மறக்காது. இதேபோல விகிதங்களின் கீழ் எண்ணையும் குறித்து வையுங்கள். தாய் இறப்பு விகிதத்தின் கீழ் எண் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகள். கர்ப்பிணிகளின் எண்ணிக்கை என்று எழுதித்தான் பாதிப் பேர் விடுகிறார்கள்.

மருத்துவக் கழிவின் நிறப் பைகள், காசநோய்த் திட்டம், நீர் சுத்திகரிப்பு, கொசு வகைகள், புள்ளியியலின் அடிப்படை இவ்வளவையும் மூன்று நாளில் முடிக்கலாம். நிறப் பைகளில் குழப்பம் வரும் இடம் ஒன்றுதான்: ஊசி முனை, பிளேடு போன்ற கூர்மையான பொருள் வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில், ரத்தம் பட்ட குழாய், கையுறை சிவப்பில், மனித உறுப்பும் பஞ்சும் மஞ்சளில்.

அடுத்த ஆறு நாள் பேத்தாலஜி, மைக்ரோ, ஃபார்மா, தலா இரண்டு நாள். மெடிசினுக்கு முன்னால் இவை முடிந்திருக்க வேண்டும், மெடிசின் கேள்விகளில் பாதி இவற்றின் மேல்தான் நிற்கிறது. ஃபார்மாவில் முழுப் பாடத்தையும் தேடிப் போகாமல், எந்த நோய்க்கு முதல் மருந்து எது, எந்த மருந்துக்கு எந்தப் பக்கவிளைவு, எந்த விஷத்துக்கு எந்த முறிவு மருந்து என்ற மூன்று பட்டியலை உறுதியாக்குங்கள். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன், ஹெப்பாரினுக்கு ப்ரோட்டமின், மெக்னீசியம் சல்பேட்டுக்குக் கால்சியம் குளூக்கோனேட். கடைசியாகச் சொன்னது ஓ.பி.ஜி.யில் வலிப்பு வரும் கர்ப்பிணிக்கான கேள்வியிலும் வரும்: முழங்கால் அனிச்சை மறைந்தால் மெக்னீசியம் அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள், அடுத்த தவணையை நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில் கேள்வி போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு 150 கேள்வி என்று இலக்கு வைத்து வேகமாகத் தட்டிவிட்டு, சரி தவறு மட்டும் பார்த்துப் போகிறவர்கள் நிறைய. அதில் பயன் குறைவு. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: சர்க்கரை நோயாளி, கீட்டோஅசிடோசிஸில் வந்திருக்கிறார், மூக்குக்குள் கருப்புப் பொருக்கு, ஒரு கண் வீங்கியிருக்கிறது. விடை மியூகோர்மைகோசிஸ் என்கிற கருப்புப் பூஞ்சை நோய். விடையைக் குறித்ததோடு விடாமல் ஒரு நிமிடம் அங்கேயே நில்லுங்கள். நுண்ணோக்கியில் எப்படித் தெரியும்? அகலமான, குறுக்குச் சுவர் இல்லாத இழைகள், செங்கோணத்தில் கிளை பிரியும். இன்னொரு பூஞ்சையான ஆஸ்பெர்ஜில்லஸ் எப்படி? குறுக்குச் சுவருண்டு, குறுகிய கோணத்தில் பிரியும். மருந்து? லிபோசோமல் ஆம்போடெரிசின் பி, கூடவே அறுவை சிகிச்சை. அந்த மருந்தின் பக்கவிளைவு? சிறுநீரகப் பாதிப்பு, பொட்டாசியம் குறைவு. ஒரு கேள்வியில் மைக்ரோ, ஃபார்மா, காது மூக்கு தொண்டை, கண், மெடிசின் ஐந்தும் தொட்டாயிற்று. இப்படி நாளைக்கு 100 கேள்வி போட்டால் போதும். வெறுமனே போட்ட 200 கேள்வி இதன் பக்கத்தில் நிற்காது.

மெடிசினுக்கு நான்கு நாள், சர்ஜரிக்கு மூன்று நாள், சேர்ந்து 65 மதிப்பெண். இரண்டும் கடல், முடிக்க நினைக்காதீர்கள். மெடிசினில் இதயம், நரம்பு, சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பிகள், இ.சி.ஜி. என்று போங்கள். அரிய நோய்களின் பெயர் தேடி அலைய வேண்டாம். சர்ஜரியில் விபத்துக் காயம், தைராய்டு, மார்பகம், வயிறு, குடலிறக்கம், தீக்காயம். தீக்காயத்துக்கான திரவக் கணக்கை ஒருமுறை எழுதிப் போட்டுப் பாருங்கள்.

கண்ணும் காது மூக்கு தொண்டையும் மூன்று நாள். 30 மதிப்பெண், அளவான பாடம், படக் கேள்விகள் அதிகம். விழித்திரைப் படம், செவிப்பறைப் படம், ஆடியோகிராம் பார்த்துப் பழகினாலே பாதி வந்துவிடும். அடுத்து ஐந்து ஐந்து மதிப்பெண் உள்ள ஆறு பாடம், இரண்டு நாள். சின்னப் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை, ஆறும் சேர்ந்தால் 30, அதாவது ஒரு முழு ஓ.பி.ஜி.

ஃபாரன்சிக் ஒரே நாள். ஆனால் பழைய வீடியோவையும் பழைய நோட்ஸையும் நம்பிப் படிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாறிவிட்டது. கொலைக்கான தண்டனை 302 என்று இருந்தது இப்போது 103. அலட்சியத்தால் மரணம் 304ஏ, இப்போது 106. வரதட்சணை மரணம் 304பி, இப்போது 80. கொடுங்காயத்தின் விளக்கம் 320, இப்போது 116. காவல்துறை நடத்தும் பிண விசாரணை 174, இப்போது 194. மாஜிஸ்திரேட் விசாரணை 176, இப்போது 196. பழையதையும் புதியதையும் ஜோடியாக ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள நேரத்தில் தூக்கு, நீரில் மூழ்கல், துப்பாக்கிக் காயம், விஷங்கள்.

கடைசி மூன்று நாள் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, ஆளுக்கு ஒரு நாள். 51 மதிப்பெண்ணுக்கு மூன்றே நாளா என்று கேட்பீர்கள். ஆமாம், இது தெரிந்தே எடுக்கும் முடிவு. இவற்றை அடியிலிருந்து படிக்க ஒரு மாதம் வேண்டும், அது உங்களிடம் இல்லை. அதற்காக முழுக்க விடவும் கூடாது. 51-இல் 22 எடுப்பது என்று வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் இடங்களை மட்டும் எடுங்கள். அனாட்டமியில் நரம்புக் காயங்கள், தொண்டை வளைவுகளிலிருந்து உருவாகும் உறுப்புகள், மண்டையோட்டின் துளைகள். பிசியாலஜியில் இதயச் சுழற்சி, நுரையீரல் கொள்ளளவுகள், ஆக்சிஜன் வளைவு இடம் வலம் நகர்வது. பயோகெமிஸ்ட்ரியில் விட்டமின் குறைபாடுகள், ஒவ்வொரு பாதையிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நொதி, கிளைகோஜன் சேமிப்பு நோய்கள். இவற்றில் வான் கீர்க்கே நோய்க்கு எந்த நொதி, பாம்ப்பே நோய்க்கு எது, மெக்கார்டில் நோய்க்கு எது என்ற பட்டியல் ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்திலிருந்து கேள்வி வந்தால் விட்டுவிடக்கூடாது.

நாள் முழுக்கப் படிப்பு என்றால் எவ்வளவு நேரம்? பதினான்கு மணி நேரம் என்று அட்டவணை போட்டு நான்காவது நாள் படுத்துவிடாதீர்கள். போனைத் தள்ளி வைத்துவிட்டு நிஜமாக உட்காரும் ஒன்பது மணி நேரம் போதும். காலை 9 முதல் 11:30 வரை அன்றைய பாடம் நோட்ஸிலிருந்து. மதியம் 2 முதல் 4:30 வரை அதே பாடத்தில் கேள்விகள், ஐம்பது நிமிடத்துக்கு ஐம்பது என்ற கணக்கில். தேர்வில் கேள்விகள் நேர எல்லை கொண்ட பகுதிகளாக வரும், ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் அதற்குத் திரும்பிப் போக முடியாது. அதனால் இந்தப் பழக்கம் முக்கியம். மதியம் சாப்பிட்டதும் தூங்கும் வழக்கம் இருந்தால் முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள், தேர்வின் இரண்டாம் பாதி சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கும். மாலையில் இரண்டு மணி நேரம் முந்தைய நாட்களின் பாடங்களைக் கலந்து கேள்விகள். இரவு, தவறிய கேள்விகளைக் குறிக்கும் தவறு நோட்டும், இருபது நிமிடம் படங்களும். மிச்ச நேரம் விட்டுப்போன துண்டுகளுக்கு. ஏழு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

வீடியோவுக்கு ஓர் இடம் மட்டும் கொடுக்கலாம். நோட்ஸைப் படித்தும் கேள்வி போட்டும் ஒரு தலைப்பு பிடிபடவே இல்லையென்றால் அந்தத் தலைப்பின் வீடியோவை மட்டும், வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். புது நோட்ஸ் எதையும் வாங்காதீர்கள். எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஏற்கெனவே ஒருமுறை படித்ததுதான் இப்போது உதவும், அதில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

தவறு நோட்டு என்றதும் கேள்வியையும் நான்கு விடைகளையும் அழகாக எழுதி, கலர் அடித்து நேரத்தை வீணாக்குகிறார்கள். ஒரு தவறுக்கு ஒரு வரி, அதுவும் ஏன் தவறியது என்று. “குறுகிய கோணம் ஆஸ்பெர்ஜில்லஸ்” என்று உங்களுக்கு மட்டும் புரியும் குறிப்புகள் மூன்று வாரம் கழித்து உங்களுக்கே புரியாது. முழு வாக்கியமாக எழுதுங்கள். பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்: ‘தெ’ என்றால் பாடமே தெரியவில்லை, ‘ம’ என்றால் படித்தது மறந்துவிட்டது, ‘அ’ என்றால் அவசரத்தில் கேள்வியைத் தப்பாக வாசித்தது. இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். ‘ம’ அதிகம் இருந்தால் ரிவிஷனை நெருக்கமாக்க வேண்டும். ‘அ’ அதிகம் இருந்தால் கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசிக்கப் பழக வேண்டும். “தவிர” என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்ட மதிப்பெண்கள் உங்கள் 138-லும் கட்டாயம் இருக்கும்.

முழு மாக் டெஸ்ட் வாரா வாரம் வேண்டாம். முதல் நாள் ஒன்று, அப்புறம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. இடையில் வரும் ஞாயிறு விட்டுப்போன பாடத்துக்கும், முந்தைய மாக் டெஸ்டை அலசுவதற்கும். காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும், ஒரு நாள் மனசே ஓடாது. அதற்கெல்லாம் இடம் விடாத அட்டவணை இரண்டாவது வாரமே உடைந்துபோகும், உடைந்ததும் மனசும் உடைந்துபோகும்.

தெரியாத கேள்விகளைப் பற்றியும் கணக்காகவே யோசியுங்கள். நெகட்டிவ் மார்க் இல்லாததால் ஒரு கேள்வியைக்கூட விடக்கூடாது. ஆனால் கண்ணை மூடிக் குறிப்பதற்கும், இரண்டு விடையை விலக்கிவிட்டுக் குறிப்பதற்கும் பெரிய வித்தியாசம். 60 கேள்வி தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக 15 கிடைக்கும். இரண்டை விலக்கத் தெரிந்தால் 30. போன முறை தேர்ச்சிக்கு உங்களுக்குப் போதாமல் போனது 12 மதிப்பெண். அந்தப் 12-ஐ இங்கேயே எடுத்துவிடலாம். அதனால் மாக் டெஸ்டை அலசும்போது தவறிய கேள்வியில் ‘சரியான விடை எது’ என்பதோடு, ‘மற்ற மூன்றில் எதை நான் விலக்கியிருக்க முடியும்’ என்றும் கேளுங்கள். முதலில் குறித்ததை மாற்றும் பழக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றியதால் வந்தது எத்தனை, போனது எத்தனை என்று இரண்டு மாக் டெஸ்டில் எண்ணினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முந்தைய தேர்வுகளின் அசல் கேள்வித்தாள்கள் அதிகாரபூர்வமாக வெளிவருவதில்லை. சுற்றுவதெல்லாம் எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. எந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் அவற்றைப் பாருங்கள், விடையைப் புத்தகத்தில் சரிபாருங்கள். தேர்வு நெருங்கும்போது டெலிகிராமில் “இந்த முறைக் கேள்வித்தாள் எங்களிடம் இருக்கிறது” என்று பணம் கேட்பார்கள். தேர்வை நடத்தும் தேசிய தேர்வு வாரியமே இதை எச்சரித்து அறிவிப்பு விட்டிருக்கிறது. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த வீட்டுப் பணம் அது. அந்தக் குழுக்களிலிருந்து இன்றே வெளியேறுங்கள்.

இரண்டாம் சுற்றில் 12 நாள். முதல் சுற்றில் மூன்று நாள் எடுத்த பாடம் இப்போது ஒரு நாள், இரண்டு நாள் எடுத்தது அரை நாளில் முடிய வேண்டும். நோட்ஸை முழுசாக வாசிக்க வேண்டாம். தலைப்பைப் பார்த்து, மூடிவைத்து, தெரிந்ததைச் சொல்லிப் பார்த்து, சொல்ல வராததை மட்டும் திறந்து படியுங்கள். யாராவது உடன் படிக்கும் நண்பர் இருந்தால் இரவு அரை மணி நேரம் போனில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து, தடுப்பூசி, சட்டப் பிரிவு எல்லாவற்றுக்கும் இது நல்ல வழி. ஏழாவது வாரக் கடைசியில் கடைசி மாக் டெஸ்ட். 165-க்கு மேல் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 150-ஐ ஒட்டி வந்தால் கடைசி வாரத்தை முழுக்க பி.எஸ்.எம்., ஓ.பி.ஜி., ஃபார்மா, சின்னப் பாடங்கள் என்று திருப்பிவிடுங்கள்.

கடைசி வாரம் புதிதாக ஒரு வரிகூட வேண்டாம். தவறு நோட்டு, பட்டியல்கள், படங்கள், எண்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று நாளில் மாக் டெஸ்ட் எழுதாதீர்கள். குறைவான மதிப்பெண் ஒன்று வந்தால் அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது, தூக்கம் மட்டும் போகும். மையம் வேறு ஊரில் என்றால் முந்தைய நாள் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். காலைப் பகுதி முடிந்து வெளியே வந்ததும் ஆளாளுக்கு விடையைப் பேசுவார்கள். நீங்கள் ஒதுங்கிப் போய் லேசாகச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். காலையில் கடினமாக இருந்தது என்று மனம் விட்டு மதியம் தோற்றவர்கள் உண்டு; எல்லாருக்கும் அதே தாள்தான்.

வீட்டில் ஒரு பேச்சுப் பேசிவிடுங்கள். ஆறு வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளை வீட்டிலேயே இருப்பதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கேட்பது வலிக்கும். இந்த எட்டு வாரம் கல்யாணம், காதுகுத்துக்கு அம்மா அப்பா மட்டும் போய் வரட்டும், கேட்பவர்களுக்கு அவர்களே பதில் சொல்லட்டும். பெரும்பாலான பெற்றோர் கேட்டால் செய்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

நாளைக் காலை 9 மணிக்கு அந்த முதல் மாக் டெஸ்டை எழுதிவிட்டு, பாடவாரியான மதிப்பெண்ணை இங்கே போடுங்கள் தம்பி. நான் மேலே சொன்ன 30 நாள் பங்கீட்டில் உங்களுக்கு எந்தப் பாடத்திலிருந்து ஒரு நாளை எடுத்து எதற்குக் கொடுக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.